சீசன் வீட்டு அடுப்படி

குற்றாலத்தில் தீக்குச்சி பற்றாது. வருகிற வழியில் சிவகாசியில் நின்றுதான் ரயில் வரும். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற ஊர். இருந்தும் என்ன, சாரலில் இரண்டு நாள் இருந்தால் எந்தத் தீப்பெட்டியும் நமத்துப்போகும். பெரியம்மா ஒரு பெட்டியை மட்டும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகி வைத்திருப்பாள். உடம்புச் சூட்டில் அது காய்ந்தபடி இருக்கும். அடுப்புப் பற்றவைக்கிற நேரம் வந்தால் வீடே பெரியம்மாவின் இடுப்பைத்தான் தேடும்.

உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்து நிற்கும். பொரித்து இறக்கிய அப்பளம் அஞ்சே நிமிஷத்தில் துணி மாதிரி துவண்டுவிடும். துவைத்த துணியோ அப்பளத்துக்கு நேர்மாறு, நாலு நாளானாலும் காயாது. அடுப்படியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பாவாடையும் துண்டும் அரைக்கால் டிரவுசரும் காயப்போட்டிருப்பார்கள். அதனால் அந்த நாலு நாளும் எங்கள் துணியில் ரசவாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது மிளகு ரசம் கொதிக்கிற வாசனை வந்தால், ஈரத்துணியும் கூடவே மணக்கிற மாதிரி எனக்கு இருக்கும்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நாங்கள் போன குற்றாலம் இது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பாத்திரக்கடை நடத்தினார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பாத்திரக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுவதும் அப்போதுதான். சிக்கல் என்னவென்றால், தென்மேற்குப் பருவமழை பள்ளிக்கூட லீவைப் பார்த்துப் பெய்வதில்லை. முழுப்பரீட்சை லீவில் போனால் வெறும் பாறையைத்தான் பார்க்க வேண்டும். எனவே ஆடி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வரும். லீவு லெட்டர் ஏழையும் பெரியப்பாதான் எழுதுவார், ஒரே கையெழுத்தில்.

மொத்தம் பதினாலு உருப்படி. பெரியப்பா வீடு, எங்கள் வீடு, சித்தப்பா வீடு, நடுநாயகமாக அப்பத்தா. பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பாத்திரத்துக்கு என்ன பஞ்சம்? வெண்கலப் பானை, உருளி, இட்லிக் கொப்பரை, அரிவாள்மனை, திரி ஸ்டவ், அதற்கு ஒரு கேன் மண்ணெண்ணெய். அரிசியும் பருப்பும் மூட்டை கட்டி வரும். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, இட்லிப்பொடி. புளியைக் கொட்டை எடுத்து உருண்டை பிடித்து வைத்திருப்பார்கள். மதுரை ஸ்டேஷனில் எங்களைப் பார்ப்பவர்கள் வீடு மாறிப் போகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போது அது மீட்டர்கேஜ். விருதுநகர் தாண்டியதும் சோற்று மூட்டை அவிழும். இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் விட்ட பொடி தடவிய இட்லி, வாழையிலையில் மடித்த புளியோதரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்க வருவார்கள். கடைப்பண்டத்தை வாயில் வைக்கக்கூடாது என்பது அப்பத்தாவின் சட்டம். ஆனால் பால்கோவாவுக்கு விலக்கு உண்டு. “அது பாலுதானடா” என்பாள். ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் என்று வண்டி ஊர்ந்து போகப் போக, மேற்கே மலை கிட்டே வரும். தென்காசியில் இறங்கும்போது முகத்தில் தூறல் விழுந்தால் பெரியப்பா கும்பிடுவார். விழாவிட்டால் ஜட்காக்காரரிடம், “அருவியில தண்ணி இருக்காப்பா?” என்று கேட்பார். அவர் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

ஐந்தருவி போகிற சாலையில் சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடுகிற வீடு. வீட்டுக்கார ஆச்சி, முன்கட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் இருப்பாள். அடுப்படியில் இரண்டு விறகடுப்பு, ஒரு அம்மி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் திரிகூடமலை. மேகம் இறங்குவது, ஏறுவது எல்லாம் அங்கிருந்தே தெரியும். குற்றாலத்தில் நான் பார்த்த இடங்களிலேயே அந்த ஜன்னலைத்தான் நல்ல இடம் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு எனக்கு அது புகை வருகிற ஓட்டை.

ஏன் சமைக்க வேண்டும் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அப்பாவுக்குக் கணக்கு: பதினாலு பேர், மூணு வேளை, நாலு நாள். அவர் பெருக்கிச் சொல்லும்போதே ஓட்டல் என்ற பேச்சு அடங்கிவிடும். அப்பத்தாவுக்கு வயிறு: அருவியில் குளித்து வந்த உடம்புக்குள் ஆறினது எதுவும் போகக்கூடாது. வீட்டுக்கார ஆச்சியும் அவள் பக்கம். “குத்தாலநாதருக்கே தலையில தைலம் வச்சு, ராத்திரி சுக்கு, மொளகு போட்ட கசாயம்லா படைக்காவ. சாமிக்கே அப்படின்னா உங்களுக்கு எப்படி இருக்கணும்?” என்பாள். சித்தப்பா ஒருவர்தான் எதிர்க்கட்சி. “குளிக்க வந்தமா, கொட்டிக்க வந்தமா?” என்று கேட்டுவிட்டு, முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருவார்.

அருவிப் பசி என்று ஒன்று உண்டு. அதைக் குற்றாலம் போகாதவர்களுக்கு விளக்க முடியாது. பேரருவி நேராகத் தலையில் விழுவதில்லை. மேலிருந்து வருகிற வேகமெல்லாம் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, ததும்பி, அதன் பிறகுதான் கீழே கொட்டும். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடியில் நிற்கவே முடியாது என்பார் பெரியப்பா. அப்படி அடங்கி விழுகிற தண்ணீரே முதுகில் நூறு பேர் குத்துகிற மாதிரி இருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடு அரைமணி நேரம் அதில் நின்றுவிட்டு வந்தால், தின்ற இட்லி எங்கே போனதென்று தெரியாது. உதடு நீலம் பாய்ந்து, விரல் நுனி சுருங்கி, “சோறு” என்ற ஒரே சொல்லோடு வீட்டுக்குள் நுழைவோம். அந்த நொடியில் சோறு தயாராக இருக்க வேண்டும். இருக்கும். ஆவி பறக்கும் சோறு, மிளகு ரசம், கொள்ளுத் துவையல், தணலில் சுட்ட அப்பளம். அது எப்படி இருந்தது, யார் குளிக்காமல் இருந்ததால் இருந்தது என்று கேட்கிற வயசு எனக்கு இல்லை. கேட்கிற வயசில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி தூக்கம் கலைந்துவிட்டது. அடுப்படியில் குசுகுசுவென்று பேச்சு. எழுந்து போனால் அம்மா, பெரியம்மா, சித்தி மூன்று பேரும் தலை நிறைய எண்ணெயோடு கிளம்பி நிற்கிறார்கள். மணி நாலு. “இவளை விட்டுட்டுப் போனா ஊரைக் கூட்டிருவா, கூட்டிட்டு வா” என்றாள் பெரியம்மா. அப்படித்தான் எனக்கு அந்த ரகசியம் தெரிந்தது. ஆண்களும் பிள்ளைகளும் எட்டு மணிக்கு நெரிசலில் நின்று குளிப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே, ஓரகத்திகள் மூன்று பேரும் தினமும் அருவிக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பேரருவியில் பத்துப் பெண்கள்கூட இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் அரிசி கொட்டுகிற மாதிரி விழுந்தது. அவர்களுக்குள் இடம் வகுத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் ஆக வேகமாக விழுகிற இடம் பெரியம்மாவுக்கு. அவளை ஒட்டி அம்மா. ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தி. இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் மூன்று பேருமே கத்திப் பேசினார்கள். வீட்டில் அப்பத்தா முன்னால் வாய்க்குள்ளேயே பேசுகிற அம்மா, அங்கே ஏதோ சொல்லிவிட்டு வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பிறகு யாருக்கோ உலை ஞாபகம் வரும். “நேரமாச்சு, வாங்க வாங்க” என்று தலையைப் பிழிந்துகொண்டே ஓட்டமும் நடையுமாக வீடு திரும்புவோம். ஐந்தரைக்குப் பெரியம்மாவின் இடுப்பிலிருந்து தீப்பெட்டி வெளியே வரும்.

அதற்குப் பிறகு நான் அடுப்படியிலேயே ஒட்டிக்கொண்டேன். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி அம்மியில் அரைக்க, ஒருத்தி உலையைப் பார்க்க, பேச்சு மட்டும் மூன்று பேருக்கும் பொது. பிறந்தவீட்டுச் சமாச்சாரம், மாமியார் சமாச்சாரம், அடகு வைத்த வளையல், பிள்ளை பிறந்த கதை. மதுரையில் மூன்றும் தனித்தனி வீடு. அம்மா தனியாகவே பொங்கி, தனியாகவே பாத்திரம் கழுவுவாள். ஆச்சியும் பின்கட்டிலிருந்து வந்து வாசல்படியில் உட்காருவாள். “என்னட்டி, வெந்தயம் போடாமலா உளுந்தஞ்சோறு வைப்பாவ?” என்று கேட்டு, தோலுளுந்தை வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வைக்கிற பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மதுரைக்குத் திரும்பிய பிறகும் அம்மா அதைச் செய்தாள். ஒரு வருஷமும் அந்த ருசி வரவில்லை என்று அவளே குறைப்பட்டுக்கொள்வாள்.

மத்தியானம் ஒரு நாள் ஐந்தருவிக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது வழக்கம். திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலைக்குரங்குகளைக் கொண்டாடியிருக்கிறார். பெரியப்பா அதைப் பாடியே காட்டுவார். ஒரு வருஷம் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாட்டியான குரங்கு இறங்கி வந்து, தயிர்ச்சோற்றுத் தூக்கைக் கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டது. தூக்கு எங்கள் கடை எவர்சில்வர், புதுசு. அப்பா அதற்காகத்தான் கவலைப்பட்டார். குரங்கு தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டுத் தூக்கைக் கீழே உருட்டிவிட்டது. “நம்மாளுக்கு மேல நாகரிகம். தின்ன பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்துருச்சு” என்றாள் சித்தி. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கடைசி நாள் ராத்திரி மட்டும் அடுப்புக்கு விடுமுறை. சாமான்களைக் கட்டிவிட்டு, வாடகை வேன் பிடித்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் பிரானூர் பார்டருக்குப் போவோம். பார்டர் என்ற பேரைச் சும்மா வைக்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்துச் சீமை. எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை போய், பரோட்டா மிஞ்சிவிட்டது. சின்னச் சின்ன பரோட்டா, இலையில் போட்டதும் பிய்த்து, மேலே சால்னாவை ஊற்றினால் ஏடு ஏடாக ஊறும். கூட மிளகு போட்ட கோழி. அப்பத்தா வேனிலேயே உட்கார்ந்து வாழைப்பழம் தின்பாள்.

அங்கே நான் பரோட்டாவைவிட அம்மாவைத்தான் பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியைச் சாய்த்து வழித்துச் சாப்பிடுகிறவள், அந்த பெஞ்சில் முதல் பந்தியில், எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். சால்னா வாளியோடு வருகிறவர், “அக்கா, இன்னும் ரெண்டு வைக்கவா?” என்று அவளைப் பார்த்துக் கேட்பார். “போதும்” என்று அவள் கையை இலைக்கு மேலே வைப்பாள். அப்புறம் விரலை லேசாக விலக்குவாள். அவர் இரண்டை வைத்துவிட்டுப் போவார்.

1984-இல் சித்தப்பா கட்சி ஜெயித்தது. கடையில் அந்த வருஷம் நல்ல வியாபாரம். “பொம்பளைங்களும் நாலு நாளு கையைக் கட்டிட்டு இருக்கட்டும்ணே” என்று அவர் சொன்னதில் நிஜமான கரிசனமும் இருந்தது. லாட்ஜில் மூன்று ரூம் போட்டோம். மூன்று வேளையும் ஓட்டல். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தபடி நின்றோம். பதினாலு பேரும் ஒரே இடத்தில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இரண்டு பேர் இங்கே, மூன்று பேர் அங்கே. அப்பா விலைப்பட்டியலை வலமிருந்து இடமாக வாசித்தார். மூன்றாம் நாள் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு, லெட்டரில் எழுதிக் கொடுத்த வியாதி உண்மையாகவே வந்துவிட்டது.

பெண்கள் அந்த வருஷம் நாளைக்கு இரண்டு தடவை குளித்தார்கள், எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் எல்லோரோடும் போய். விடியக்காலம் நாலு மணிக்கு யாரும் எழவில்லை. எழ வேண்டிய அவசியம் இல்லை. சாப்பிட்டு வந்ததும் அவரவர் ரூமில் அவரவர் புருஷன் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள். “எப்படி, ராணி மாதிரி இருந்தீங்களா?” என்று சித்தப்பா கேட்டதற்கு, “நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் அம்மா. மறுவருஷம் ஆனியிலேயே அப்பாவிடம், “அந்த ஆச்சிக்கு ஒரு கார்டு போட்டுருங்க. வீட்டை வேற யாருக்காவது விட்டுறப் போறாங்க” என்றாள். எனக்கு அது விளங்கவே இல்லை. வேலையிலிருந்து ஒருத்தியை விடுவித்தால், அவள் ஏன் அதையே தேடிப் போகிறாள்?

கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த பிறகு எனக்கு ஒரு பதில் கிடைத்தது: பழகிப்போன அடிமைத்தனம். ரொம்ப நாள் அந்தப் பதிலை நம்பிக்கொண்டிருந்தேன். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கியதையும், அங்கே நடந்த விருந்தையும் பேச்சையும் படிக்கும்போதெல்லாம் என் மனசு கூடத்தில் நிற்காது, நேரே அடுப்படிக்குப் போய்விடும். அங்கே நிற்கிறவர்களைப் பாவமாகப் பார்க்கும். அம்மாவையும் அப்படித்தான் பார்த்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன வருஷம் ஆடியில்தான் கேட்டேன். அம்மாவுக்கு எழுபத்தாறு. பெரியம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. சித்தி கோயம்புத்தூரில் மகன் வீட்டில், முட்டிவலியோடு. நானும் வீட்டுக்காரரும் மகனும் அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். தென்காசி இப்போது தனி மாவட்டம். ஆச்சி வீடு இருந்த இடத்தில் நாலு மாடி லாட்ஜ். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் அம்மா தலையில் எண்ணெய் இல்லாமல் அருவிக்குக் கிளம்பவே சங்கடப்பட்டாள். மகன் போனிலேயே சாப்பாடு வரவழைத்தான். அம்மாவுக்கு இட்லி, அவனுக்கு வேறென்னவோ. ஆளுக்கொரு டப்பா; ஆளுக்கொரு கட்டில் முனை.

ராத்திரி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன். “அந்தக் காலத்துல இங்க வந்தும் அடுப்படியிலேயே கிடந்தீங்களேம்மா. கஷ்டமா இல்லையா?”

“சமைக்கிறது கஷ்டம்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றாள். கொஞ்சம் யோசித்து, “தனியா சமைக்கிறதுதாண்டி கஷ்டம்” என்றாள்.

அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கு ஜன்னலும், கயிற்றில் தொங்கிய பாவாடைகளும், மூன்று பேருடைய கைகளும் கண்ணுக்குள் வந்தன. வருஷத்தில் மீதி முந்நூற்று அறுபது நாள் அவள் தனியாகப் பொங்கியதும் கூடவே வந்தது. பார்டர் கடை பெஞ்சையும் நினைத்துக்கொண்டேன். அங்கேயும் அவள் தனியாக இல்லை.

விடியக்காலம் கதவைத் தட்டும் சத்தம். அம்மா துண்டோடு நிற்கிறாள். மணி நாலு. “வர்றியா? இப்பக் கூட்டம் இருக்காது” என்றாள். மற்றவர்களை எழுப்பவில்லை. கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப்போனேன். பேரருவியில் ஏழெட்டுப் பெண்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீருக்குள் போனாள். அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலையைப் பிழிந்துகொண்டே அவசர அவசரமாக வெளியே வந்தாள்.

“வா வா, நேரமாச்சு.”

“எதுக்கும்மா நேரமாச்சு?”

நின்றாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் என்னையே பார்த்தாள். “அட, ஆமா” என்றாள். பிழிந்த முடியை மறுபடி அவிழ்த்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஆக வேகமாக விழுகிற இடம் காலியாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, அதை ஒட்டி நின்றுகொண்டாள்.